வெறுங் கொப்பியோடு வீடு திரும்பும் பிள்ளை

முன்பள்ளி விடும் நேரத்தில் வாசலில் காத்து நிற்கும் தாய்மார் பிள்ளையின் பையை வாங்கியதும் முதலில் திறந்து பார்ப்பது கொப்பியைத்தான். ஒரு பக்கம் முழுவதும் ‘அ’ எழுதப்பட்டு, அடியில் சிவப்புப் பேனையால் சரியும் போடப்பட்டிருந்தால் முகம் மலர்கிறது. பக்கம் வெறுமையாக இருந்தால், “இண்டைக்கு ரீச்சர் என்ன படிப்பிச்சவ?” என்ற கேள்வி எழுகிறது. “விளையாடினனாங்கள்” என்று பிள்ளை உள்ளதைச் சொல்ல, அது ஆசிரியருக்கு எதிரான சாட்சியமாகிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் முன்பள்ளி ஆசிரியராகவும் பின்னர் ஆசிரியர்களைப் பயிற்றுபவராகவும் இருந்துவரும் எனக்கு இது பழகிப்போன காட்சி. அந்த வெறும் பக்கத்துக்குப் பின்னால் அன்று காலை என்னென்ன நடந்தன என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லாமல் விட்டது எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களின் குறை என்றே நினைக்கிறேன்.

வலிகாமத்தில் நான் பார்வையிட்ட ஒரு முன்பள்ளியின் மணற்தொட்டியருகே ஒரு வாளி தண்ணீரும் ஏழெட்டுச் சிரட்டைகளும் வைக்கப்பட்டிருந்தன. 4 வயதுப் பையன் ஒருவன் மணலில் தான் தோண்டிய ‘கிணற்றுக்கு’ச் சிரட்டையில் தண்ணீர் கொண்டுபோனான், போய்ச் சேருவதற்குள் தண்ணீர் முழுவதும் ஒழுகிவிட்டது. “இதுக்கை தண்ணி நிக்குதில்லை ரீச்சர்” என்று முறையிட்டான். ஆசிரியர் வேறு சிரட்டையை எடுத்துக் கொடுத்திருந்தால் அலுவல் அத்தோடு முடிந்திருக்கும். அவரோ, “மற்றச் சிரட்டையிலை நிக்குதோ?” என்று மட்டும் கேட்டார். பையன் இரண்டு சிரட்டைகளையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒன்றில் கண் திறந்திருப்பதைக் கண்டுபிடித்தான். ஈர மணலை அப்பினான், கரைந்து போயிற்று. இலையை உள்ளே வைத்தான்; ஒழுக்குக் குறைந்தது, நிற்கவில்லை. கடைசியில் தன் விரலாலேயே கண்ணைப் பொத்திக்கொண்டு கிணறு வரை நடந்தான். ஒப்பிடுதல், காரணம் தேடுதல், ஊகித்தல், சோதித்துத் தோற்றபின் வேறு வழியை முயலுதல் என்று விஞ்ஞான பாடம் பின்னாளில் அவனிடம் எதிர்பார்க்கப்போகும் அனைத்தும் அந்த இருபது நிமிடங்களில் இருந்தன. கொப்பியில் எழுதுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

கணக்கும் இப்படித்தான் உள்ளே வருகிறது. ஒன்று முதல் ஐம்பது வரை ஒப்புவிக்கும் பிள்ளையிடம் பனங்கொட்டைகளை ஐந்தைந்தாக இரண்டு வரிசைகளில் சமமாக வைத்துக் காட்டி, பின்னர் ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பிவிட்டுக் கேட்டால், நீண்ட வரிசையில்தான் கூடுதலாக இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லும். சுவிஸ் உளவியலாளர் பியாஜே இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே விளக்கியிருக்கிறார். எண்ணின் பெயரை அறிவதும் எண்ணிக்கையை அறிவதும் வெவ்வேறானவை. எண்ணிக்கையைப் பற்றிய அறிவு, கடை வைத்து விளையாடும்போதும் நாலு பேருக்கு நாலு தட்டு வைக்கும்போதும், கைகளால் பொருளைத் தொட்டு மாற்றி வைத்தபடியே வளர்கிறது.

எழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பெற்றோரின் பதற்றம் முழுவதும் அங்கேதான் குவிந்திருக்கிறது. மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன; ஆண்டுகள் செல்லச்செல்ல ஒவ்வொன்றாக உறுதிப்பட்டு, கடைசி எலும்பு தோன்றத் தொடங்குவதே பெரும்பாலும் 8 வயதுக்குப் பின்னர்தான். கோடுகளைப் பார்த்து வரைவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது: வட்டம் ஏறத்தாழ 3 வயதில் கைவரும், கூட்டல் குறி 4 வயதில் வரும், சதுரம் அதற்குப் பின்னர், முக்கோணம் ஏறத்தாழ 5 வயதில். இப்போது ‘அ’ என்ற எழுத்தைப் பாருங்கள். சுழி, வளைவு, கிடைக்கோடு, நிலைக்குத்துக்கோடு எல்லாம் ஓரெழுத்தில் இருக்கின்றன. அகரவரிசையில் அதற்கு முதலிடம் என்பதற்காகக் கைக்கும் அது முதலெழுத்தாகிவிடாது. ‘ட’வும் ‘ப’வும் எவ்வளவோ இலகுவானவை. களிமண் உருட்டுவதும், ஓலை பின்னுவதும், துணி பிழிவதும், கயிற்றில் தொங்குவதும்தான் 3 வயதுக் கைக்குரிய எழுத்து வேலை. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறோம். திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பழகினார்கள். பென்சிலுக்கு முன் விரல் என்பது எங்கள் முன்னோருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

கையைப் போலவே காதும் பழக வேண்டும். ‘பனங்கிழங்கு’ என்ற சொல்லுக்கு எத்தனை தரம் கை தட்டலாம் என்று கேட்டால் பிள்ளைகள் ப-னங்-கி-ழங்-கு என்று ஐந்து தரம் தட்டிச் சிரிப்பார்கள். சொல்லை ஒலித்துண்டுகளாகப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, உயிரும் மெய்யும் சேர்ந்து ஓரெழுத்தாகும் தமிழில் வாசிப்பின் பெரிய தடையொன்று அப்போதே விலகிவிடுகிறது.

நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களும், முடிந்து ஓரிரு வாரம் வரையும், எங்கள் வகுப்பறைகளில் வேறு விளையாட்டே கிடையாது. மரக்கட்டைகள் தேராகும், பழைய சேலை வடமாகும், ஒருவர் குருக்கள், ஒருவர் நாதஸ்வரம், மூலையில் ஐஸ்கிரீம் கடையும் நிச்சயம் இருக்கும். யார் குருக்கள் என்பதில் சண்டை வந்து, முறை வைத்துத் தீர்க்கப்படும். சும்மா இருக்கச் சொன்னால் இரண்டு நிமிடம் இருக்கமாட்டாத பிள்ளை, தீபாராதனை முடியும்வரை கைகூப்பி அசையாமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன். விளையாட்டில் பிள்ளை தன் வயதை மீறி நடந்துகொள்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி சொன்னது இதைத்தான்: பாத்திரத்தின் விதிக்குக் கட்டுப்படுவதற்காகப் பிள்ளை தன் ஆசையைத் தானாகவே அடக்குகிறது. பாடசாலையில் கதிரையில் இருந்து கேட்பதற்கும், முறை வரும்வரை காத்திருப்பதற்கும் தேவைப்படுவது இதே அடக்கம்தான்.

விளையாட்டு என்ற பெயரில் நடப்பதெல்லாம் விளையாட்டுவழிக் கற்றல் ஆகிவிடாது. பிளாஸ்டிக் பொம்மைகளைக் கொட்டிவிட்டு ஆசிரியர் பதிவேடு நிரப்பிக்கொண்டிருக்கும் வகுப்புகளும், தொலைபேசியில் பாட்டுப் போட்டுவிட்டு ஒதுங்கும் வகுப்புகளும் இருக்கின்றன. விலையுயர்ந்த விளையாட்டுப் பொருட்கள் பழுதாகாமல் அலுமாரிக்குள்ளேயே பாதுகாக்கப்படும் இடங்களும் உண்டு. (கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிவித்து 5 வயதுப் பிள்ளைகளுக்குப் பட்டமளிக்கும் விழாக்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் அது வேறு கட்டுரையாகிவிடும்.) சிரட்டை ஆசிரியரைப் போலப் பொருளைத் தெரிந்து வைத்து, பிள்ளையின் உயரத்துக்கு இறங்கி இருந்து, எப்போது கேட்பது, எப்போது வாய்மூடி இருப்பது என்று முடிவெடுப்பது கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பார்த்தெழுத வைப்பதைவிடக் கடினமான வேலை.

தரம் 1இல் பிள்ளை பின்தங்கிவிடுமே என்ற பயம் பலருக்கு உண்டு. எங்கள் நாட்டின் ஆரம்பக் கல்விப் பாடத்திட்டமே, 1990களின் இறுதியில் வந்த சீர்திருத்தம் முதல், தரம் 1, 2 வகுப்புகளில் வழிப்படுத்திய விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் எழுத்து வேலையோடு இடம் ஒதுக்கியிருக்கிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை மனத்தில் வைத்து 3 வயதிலேயே பிள்ளையைத் தனியார் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர், பாடத்திட்டம் கேட்காத ஒன்றுக்காகக் காசும் பிள்ளையின் பின்னேரமும் செலவழிக்கிறார்கள்.

பிள்ளையின் வளர்ச்சியில் ஏதேனும் இடறல் இருந்தால் அதுவும் கொப்பியைவிட விளையாட்டிலேயே முதலில் தெரியவரும். 4 வயதாகியும் தேர் இழுப்பது, கடை வைப்பது போன்ற பாவனை விளையாட்டே இல்லாமல் பொருட்களை மட்டும் திரும்பத்திரும்ப வரிசைப்படுத்துவது, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமல் இருப்பது, மற்றப் பிள்ளைகள் பக்கமே போகாமல் இருப்பது ஆகியவற்றை ஆசிரியர் உங்களிடம் தெரிவித்தால் கோபிக்க வேண்டாம். பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் செல்லுங்கள்.

மற்ற நாட்களில், பையைத் திறக்குமுன் “இண்டைக்கு ஆரோடை விளையாடினனி? என்ன கட்டினனீங்கள்?” என்று கேட்டுப் பாருங்கள், வீடு போய்ச் சேரும்வரை கதை முடியாது. முடிந்தால் ஒருநாள் காலை அரை மணித்தியாலம் வந்து மணற்தொட்டியருகே இருங்கள், வேலைக்குப் போகும் உடுப்போடு மட்டும் வர வேண்டாம்.