சிரையிலிருந்து பிரியும் நிணநீர் நாளங்கள்

இரத்த நுண்குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் திரவத்தில் ஒரு பகுதியைச் சேகரித்து, கழுத்தடியிலுள்ள பெரிய சிரைகளில் கொண்டு சேர்ப்பவை நிணநீர் நாளங்கள். இவை கருவில் எங்கிருந்து தோன்றுகின்றன என்ற கேள்விக்கு, பன்றிக் கருக்களில் சாயம் செலுத்தி ஆராய்ந்த அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஃபுளோரன்ஸ் சாபின், 1902-ஆம் ஆண்டிலேயே சிரைகளிலிருந்துதான் என்று விடை கூறினார். சுற்றியுள்ள திசுவில் தனியாக உருவாகிப் பின்னரே அவை சிரையோடு இணைகின்றன என்று வேறு சிலர் மறுக்கவே, அந்த விவாதம் நெடுங்காலம் நீடித்தது.

1999-இல் ஜெஃப்ரி விகில், கியெர்மோ ஆலிவர் ஆகியோர் ப்ராக்ஸ்1 என்னும் மரபணுவைச் சுண்டெலிகளில் நீக்கிப் பார்த்தபோது, இரத்த நாளங்கள் உருவாயின. நிணநீர் மண்டலம் மட்டும் உருவாகவில்லை. இயல்பான சுண்டெலிக் கருவில், ஏறத்தாழ ஒன்பதரை நாளில், கார்டினல் சிரை என்னும் முதன்மைச் சிரையின் ஒரு பக்கத்துச் செல்கள் சிலவற்றில் சாக்ஸ்18, கூப்-டிஎஃப்2 என்னும் புரதங்கள் சேர்ந்து ப்ராக்ஸ்1-ஐ இயக்கிவிடுகின்றன. அதுவரை சிரைச் செல்லாக இருந்தது, அப்போதிலிருந்து நிணநீர்ச் செல்லாக மாறத் தொடங்குகிறது.

மாறினால் மட்டும் போதாது, சிரையை விட்டு வெளியேறவும் வேண்டும். அதற்கான அழைப்பு, சுற்றியுள்ள திசு சுரக்கும் விஇஜிஎஃப்-சி என்னும் வளர்ச்சிக் காரணி. முழு ஆற்றலின்றிச் சுரக்கும் இதை, சிசிபிஇ1 புரதத்தின் துணையோடு ஒரு நொதி வெட்டிச் செயல்பட வைக்கிறது. விஇஜிஎஃப்-சி இல்லாத கருவில் செல்கள் ப்ராக்ஸ்1-ஐ வெளிப்படுத்தியபடியே சிரைச் சுவரில் தங்கிவிடுகின்றன.

அந்த அழைப்பைக் கேட்கும் ஏற்பி விஇஜிஎஃப்ஆர்-3. ப்ராக்ஸ்1 இந்த ஏற்பியின் உற்பத்தியைக் கூட்டுகிறது. ஏற்பி பெறும் சைகையோ ப்ராக்ஸ்1-இன் அளவு குறையாமல் காக்கிறது. இந்தப் பரஸ்பரப் பிடிப்பே முழு அமைப்பிலும் என்னை மிகவும் வியக்க வைப்பது. ஏனெனில், வளர்ந்த சுண்டெலியில்கூட ப்ராக்ஸ்1-ஐ நீக்கினால் நிணநீர் நாளச் செல்கள் இரத்த நாளச் செல்களின் பண்புகளை மீண்டும் பெறத் தொடங்குகின்றன. நிணநீர்ச் செல்லாக இருப்பது ஒருமுறை எடுத்து முடித்த முடிவன்று, வாழ்நாள் முழுதும் புதுப்பிக்கப்படும் முடிவு.

சாபின் கூறியது பெரும்பாலும் சரியே. ஆயினும் இதயம், குடல்தாங்கி போன்ற இடங்களில் சில நிணநீர் நாளச் செல்கள் சிரை சாராத மூலங்களிலிருந்தும் வருகின்றன என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

மனிதரில் விஇஜிஎஃப்ஆர்-3 மரபணு பழுதானால் பெரும்பாலும் பிறவியிலேயே கால்கள் வீங்கும் மில்ராய் நோய் வருகிறது. நிணநீர் பின்னோக்கி வழியாமல் தடுக்கும் வால்வுகளை அமைக்கும் ஃபாக்ஸ்சி2 மரபணு பழுதானாலும் கால்கள் வீங்குகின்றன. ஆனால் அவ்வீக்கம் வழக்கமாகப் பருவமடையும் வயதிலோ அதற்குப் பின்னரோதான் தொடங்குகிறது, கூடவே கண்ணிமையில் இரண்டாவது வரிசை முடிகளும் முளைத்திருக்கும்.