பிடரியில் விட்ட சொட்டு காதுக்குள் எப்படிப் போகிறது?

“பூனைக்குக் காதில்தானே பூச்சி? டாக்டர் ஏன் பிடரியில் மருந்தை விட்டு அனுப்பினார்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம்.

முதலில் அது பூச்சிதானா என்று பார்த்துவிடுவோம். பூனை தலையை உதறிக்கொண்டே இருக்கும், பின்னங்காலால் காதைப் பிறாண்டும். காதைத் திருப்பினால் ஃபில்டரில் தங்கிய காப்பிக் கசடு போலக் கருப்பாகப் பொடி அழுக்கு. அதில் துளி எடுத்துக் கருப்புத் தாளில் தட்டி, டார்ச் அடித்து லென்ஸில் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் நகர்ந்தால் ஓட்டோடெக்டிஸ் சைனோட்டிஸ்: அரை மில்லிமீட்டர்கூட இல்லாத, உண்ணிக்கு உறவான எட்டுக்கால் ஜீவன். ஒன்றும் நகராவிட்டால் ஈஸ்ட், பாக்டீரியா தொற்றாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. எப்படியானாலும் செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கும்வரை காதில் எதையும் ஊற்ற வேண்டாம்.

பிடரியில் விட்டது பெரும்பாலும் செலாமெக்டினாக இருக்கும். அது தோல் வழியே ரத்தத்தில் கலந்து, மறுபடி தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளுக்கே வந்து தங்குகிறது. காதுக்குழாயின் உட்புறமும் தோல்தானே! இந்தப் பூச்சி தோலைக் குடையாது. மேலே உட்கார்ந்து செதிலையும் கசிவையும் தின்னும். தீனியோடு மருந்தும் உள்ளே போகிறது.

இனிமேல்தான் அழகு. பூச்சியின் நரம்பு, தசை செல்களில், குளுட்டமேட் என்ற நரம்புச் சமிக்ஞைப் பொருள் பட்டால் திறக்கிற குளோரைடு வாசல்கள் உண்டு. செலாமெக்டின் அந்த வாசலில் ஆப்பு மாதிரிச் செருகிக்கொள்ளும், கதவு மூடாது. எதிர்மின்னேற்றமுள்ள குளோரைடு செல்லுக்குள் கொட்டிக்கொண்டே இருக்க, எவ்வளவு தூண்டினாலும் நரம்பு அசையாது. காலும் முடங்கும், வாயும் முடங்கும். பூனைக்கு இந்த வகை வாசலே கிடையாது. அதற்குக் கொஞ்சம் ஒத்தவை மூளையில் உண்டு. ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு மருந்தை அங்கே அண்டவிடாது.

இந்த மருந்துக் குடும்பத்தின் பூர்வீகம், ஜப்பானில் கவானா கோல்ஃப் மைதானத்தை ஒட்டி அள்ளிய மண்ணிலிருந்த ஒரு பாக்டீரியா. அதற்காக விஞ்ஞானிகள் சடோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015-இல் நோபல். நம்மூரில் மண் அள்ள நிதி கேட்டிருந்தால், “இதனால் என்ன பயன்?” என்ற ஒரே கேள்வியில் கோப்பை மூடியிருப்பார்கள்.

செலாமெக்டின் அளவு: பூனையின் எடையில் கிலோவுக்கு குறைந்தது 6 மில்லிகிராம். அதாவது 2.6 முதல் 7.5 கிலோ வரை உள்ள பூனைக்கு 45 மில்லிகிராம் குப்பி ஒன்று. மயிரை விலக்கித் தோலில் படும்படி, நக்க எட்டாத இடத்தில் விட வேண்டும். மயிரிலேயே நின்றுவிட்டால் வீண். முட்டை 4 நாளில் பொரியும், சுமார் 3 வாரத்தில் குஞ்சு முழுப் பூச்சியாகும். மருந்து ஒரு மாதம் தோலில் தங்குவதால் பின்னால் பொரிபவையும் தப்பாது. காதுச் சொட்டு மருந்தில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: ஒரு வாரத்தில் அரிப்பு நின்றதும் நிறுத்திவிடுவார்கள், முட்டை பொரிந்து எல்லாம் முதலிலிருந்து. பூனை சுருண்டு படுக்கையில் வால் நுனிக்கு ஏறிய பூச்சியையும் காதுச் சொட்டு தொடாது. வீட்டில் வேறு பூனை, நாய் இருந்தால் அவற்றுக்கும் சேர்த்தே வைத்தியம்.

மண்ணெண்ணெய், கற்பூரம் கலந்த எண்ணெய் என்ற பாட்டி வைத்தியம் பூச்சியைவிடப் பூனையைத்தான் வாட்டும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்து அதைவிட மோசம். அதைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. நடுக்கம், வலிப்பு, சில சமயம் மரணம்.