சொட்டு மருந்துக்கும் கட்டுப்படாத கண் அழுத்தம்: இன்னொரு பாட்டிலுக்கு முன் பார்க்க வேண்டியவை

மூன்று வகைச் சொட்டு மருந்து போட்டும் கண் அழுத்தம் 24, 26 என்றே நிற்கிறது என்று கவலையோடு வருபவர்களை, கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு நலியும் குளுக்கோமா நோய்க்கான சிகிச்சையில் அடிக்கடி சந்திக்கிறோம். அவர்களுடைய மருந்துச் சீட்டில் நான்காவது மருந்தை எழுதுவதற்கு முன், கையில் இருக்கும் பாட்டிலை எடுத்து என் எதிரிலேயே ஒரு சொட்டு விடச் சொல்வது என் வழக்கம். பலருக்கு முதல் சொட்டு இமையின் மேல் விழும், அடுத்தது கன்னத்தில் வழியும். அதற்கடுத்ததை எப்படியாவது உள்ளே விட்டுவிட வேண்டும் என்று பாட்டிலைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோவதால் அதன் நுனி இமை மயிரில் உரசும். உடனே கண்ணை இறுக மூடித் திறப்பார்கள், உள்ளே போன கொஞ்சமும் வெளியே வந்துவிடும். மருந்துக்கு அடங்காத குளுக்கோமா என்று எழுதப்பட்டிருக்கும் கண்களில் ஒரு பகுதிக்கு மருந்தே சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதை இந்த ஒரு நிமிடச் சோதனை காட்டிவிடும்.

கண்ணின் முன்பகுதியில், கண்ணீரோடு தொடர்பில்லாத ஒரு தெளிந்த திரவம் ஓயாமல் சுரந்து, கருவிழியின் ஓரத்திலுள்ள நுண்ணிய வடிகால் வழியே வெளியேறிக்கொண்டிருக்கிறது. வடிகாலில் தடை கூடினால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது, பார்வை நரம்பு நலிகிறது. இழந்த நரம்பிழைகளை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. பெரும்பாலானோருக்கு வலியோ சிவப்போ இருக்காது. பக்கப் பார்வை குறைவதையும் மற்றக் கண் ஈடுகட்டிவிடுவதால், நோய் முற்றும் வரை ஒன்றும் தெரிவதில்லை. பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இயல்பான அழுத்தம் என்கிறோம். ஆனால் நரம்பு ஏற்கெனவே பெரிதும் நலிந்திருக்கும் ஒருவருக்கு 18 கூட அதிகம்தான், அவருக்கு 12, 13 என்று இலக்கு வைக்க வேண்டியிருக்கும். நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்பதை எண் மட்டும் சொல்லாது. பக்கங்களில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளக்கும் பார்வைப் புலச் சோதனையும், நரம்பிழைகளின் தடிமனை ஒளியால் அளக்கும் ஓசிடி ஸ்கேனும் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சுவீடனில் நடந்த ஆரம்பநிலைக் குளுக்கோமா ஆய்வில், குறைந்த ஒவ்வொரு மில்லிமீட்டர் அழுத்தத்துக்கும் நோய் முற்றும் அபாயம் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தது. ஒழுங்காக உள்ளே போகும் ஒரு சொட்டை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

கையைக் கழுவிக்கொண்டு, முடிந்தால் படுத்த நிலையில், கீழ் இமையை மெல்ல இழுத்து அங்கே உண்டாகும் சிறு பையில் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். ஒரு சொட்டின் அளவு 30 முதல் 50 மைக்ரோலிட்டர். அவ்வளவையும் தாங்கவே அந்தப் பையில் இடம் போதாது என்பதால், இரண்டாவது சொட்டு வழிந்தோடுமே தவிரக் கூடுதல் பலன் தராது. சொட்டு விட்டதும் கண்ணைச் சிமிட்டாமல் மென்மையாக மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் 2 நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். அந்த மூலையிலிருந்துதான் மருந்து மூக்குக்குள் இறங்கி இரத்தத்தில் கலக்கிறது. அதை அடைத்துக்கொண்டால் கண்ணுக்குப் பலன் கூடும், உடலுக்குத் தொல்லை குறையும். இரண்டு மருந்துகள் இருந்தால் இடையில் குறைந்தது 5 நிமிடம் விட வேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாக விட்டால் பின்னது முன்னதைக் கழுவிக்கொண்டு போய்விடும். கை நடுங்குபவர்களும் மூட்டுவலிக்காரர்களும் வீட்டில் உள்ள ஒருவரைப் போட்டுவிடச் சொல்வதில் எந்தக் குறையும் இல்லை.

அடுத்தது, மருந்தைத் தினமும் போடுகிறார்களா என்பது. பரிசோதனை நாள் நெருங்கும்போது மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டு மற்ற நாட்களில் விட்டுவிடுவது உலகெங்கும் கண்ட பழக்கம். அப்படி வருபவருக்கு அன்றைய அழுத்தம் நன்றாகவே இருக்கும், பார்வைப் புலம் மட்டும் சுருங்கிக்கொண்டே போகும். இதைக் கண்டித்துக் கேட்டால் உண்மை வெளிவராது. வாரத்தில் எத்தனை நாள் தவறுகிறது, ஏன் தவறுகிறது என்று பொறுமையாகக் கேட்டால், மறதி மட்டுமல்ல, எரிச்சலும் பல நேரம் காரணமாக இருப்பது தெரியவரும். லடானோபிராஸ்ட், பிமடோபிராஸ்ட் போன்ற அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்துகள் கண்ணைச் சிவக்க வைக்கும், இமைத் தோலைக் கருக்கச் செய்யும். பிரிமோனிடின் சிலருக்கு ஒவ்வாமையும் தூக்கக் கலக்கமும் தரும். டோர்சோலமைடு எரியும், வாயில் கசப்பு தட்டும். மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பதனப்பொருளான பென்சல்கோனியம் குளோரைடு, நாள்பட்ட உபயோகத்தில் கண்ணின் மேற்பரப்பை உலரச் செய்து உறுத்தலை உண்டாக்கும். இவற்றுக்கெல்லாம் மாற்று உண்டு: பதனப்பொருள் இல்லாத மருந்து இருக்கிறது, இரண்டு மருந்துகளை ஒரே பாட்டிலில் சேர்த்த கூட்டு மருந்தும் இருக்கிறது. எரிகிறது என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தானாக நிறுத்திவிடுவதுதான் ஆபத்து.

நோயாளி சொல்லாமலும் நாம் கேட்காமலும் விட்டுப்போகும் இன்னொரு காரணம் ஸ்டீராய்டு. கண் அரிப்புக்கு மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிப் போடும் சொட்டு மருந்து, முகத்தில் தடவும் களிம்பு, இன்ஹேலர், மாத்திரை என்று எந்த வடிவில் இருந்தாலும் சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். ஒரு பக்கம் அது ஏற்றிக்கொண்டிருக்கும்போது மறுபக்கம் எத்தனை மருந்து போட்டாலும் பலன் தெரியாது. ஆனால் ஆஸ்துமாவுக்கோ வேறு நோய்க்கோ எழுதித் தந்த ஸ்டீராய்டை, அந்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

மருந்துத் தேர்விலும் கவனிக்க வேண்டியது உண்டு. இரவில் ஒரு முறை போடும் லடானோபிராஸ்ட் வகை, திரவம் வெளியேறும் வழியை எளிதாக்கி அழுத்தத்தை 25 முதல் 30 சதவீதம் வரை குறைக்கும். பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகிறோம். டிமோலால் திரவச் சுரப்பைக் குறைக்கும், ஆனால் தூக்கத்தில் அதற்குப் பலன் மிகக் குறைவு. அதுவும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துதான் என்பதால், ஏற்கெனவே இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவரிடம் அது எதிர்பார்த்த அளவு வேலை செய்யாது. ஆஸ்துமா உள்ளவருக்கும், இதயத் துடிப்பு மிகக் குறைந்தவருக்கும் ஒரு சொட்டு டிமோலால் கூட உயிருக்கு ஆபத்தாகலாம். மூச்சுத் திணறல் உண்டா என்று கேட்காமல் அதை எழுதக் கூடாது, கேட்காவிட்டாலும் நோயாளி சொல்லிவிட வேண்டும். ஒரு மருந்து பலன் தரவில்லை என்றால், அதை வைத்துக்கொண்டே அடுத்ததைச் சேர்ப்பதைவிட, முதலில் அதை மாற்றிப் பார்ப்பதே முறை. மூன்றாவது, நான்காவது மருந்துகள் சேர்க்கும் பலன் பெரும்பாலும் சிறிது. அவை கூட்டும் எரிச்சலும் மறதியும் அதைவிடப் பெரிது.

இவ்வளவையும் சரிபார்த்த பிறகும் அழுத்தம் இலக்குக்கு வரவில்லை என்றால், அல்லது பார்வைப் புலம் சுருங்குகிறது என்றால், சொட்டு மருந்தை மட்டும் நம்பிக் காத்திருப்பது தவறு. வடிகாலின் மேல் செய்யும் எஸ்எல்டி லேசர் சிகிச்சை, திறந்த கோணக் குளுக்கோமாவில் (வடிகாலின் வாய் திறந்திருந்தும் உள்ளே தடை கூடிய வகை) பலருக்கு நல்ல பலன் தருகிறது. 2019-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், லேசரை முதல் சிகிச்சையாகப் பெற்றவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மூன்று ஆண்டு முடிவில் சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. பல மருந்துகளுக்கும் அடங்காத முற்றிய நோயில் அந்த அளவு பலனை எதிர்பார்க்க முடியாது. அப்போது புதிய வடிகால் அமைக்கும் டிரபெகுலெக்டமியோ, குழாய் பொருத்தும் அறுவை சிகிச்சையோ தேவைப்படும். அதுவரையிலான இடைவெளிக்கு அழுத்தத்தைக் குறைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை கைகொடுக்கும். விரல் மரமரப்பு, பசியின்மை, சிறுநீரகக் கல் ஆகியவற்றுக்கு இடமிருப்பதால் அதை நீண்ட நாள் தொடர்வது பெரும்பாலும் உகந்ததல்ல.

அறுவை சிகிச்சை முடிந்த கண்ணுக்கு பழைய அழுத்த மருந்துகளை நிறுத்திவிட்டு, வீக்கம் தணிக்கும் வேறு சொட்டு மருந்துகளை எழுதித் தருவோம். வீட்டுக்குப் போன சிலர் இதை இரண்டு கண்ணுக்கும் என்று எடுத்துக்கொண்டு, அறுவை செய்யாத கண்ணுக்கும் அழுத்த மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். எந்தப் பாட்டில் வலது கண்ணுக்கு, எந்தப் பாட்டில் இடது கண்ணுக்கு என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டித் தரும்படி மருத்துவமனையிலேயே கேட்டு வாங்குங்கள்.