மேம்பாட்டாளர் கொடுத்த குழாய் கைக்காசு ஆகாது

"குழாய், பம்ப், தொட்டி எல்லாமே வீடமைப்பு மேம்பாட்டாளர் போட்டுக் கொடுத்தது. தண்ணீர் நிறுவனத்துக்கு ஒரு காசு செலவில்லை. பிறகெதற்குக் கட்டண உயர்வு?"

கோலாலம்பூரில் கெப்போங், செந்தூல் பக்கத்துக் குடியிருப்பாளர் கூட்டங்களில் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. கணக்குப் படித்தவர்களே கேட்பதுதான் வேதனை.

ஒரு கணக்கு போடுவோம். புதுத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) 30 லட்சம் ரிங்கிட் குழாய்கள், ஆயுள் 50 ஆண்டு. 6 லட்சம் ரிங்கிட் பம்பும் கட்டுப்பாட்டுப் பெட்டியும், ஆயுள் 15 ஆண்டு என்று வையுங்கள். மேம்பாட்டாளர் ஒப்படைத்ததும் தண்ணீர் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் 36 லட்சம் சொத்து ஏறுகிறது. அதை அந்த ஆண்டே வருமானமாகக் காட்டினால், தண்ணீர் விற்பனையில் 5 லட்சம் நட்டப்பட்ட நிறுவனம் 31 லட்சம் லாபம் ஈட்டியதாகத் தெரியும். வங்கியில் அதில் ஒரு சென்கூட இருக்காது.

மலேசியாவில் 2018 முதல் நடப்பில் உள்ள எம்எஃப்ஆர்எஸ் 15 என்ற கணக்கியல் தரத்தின்படி, கைமாறாக நிறுவனம் தரவேண்டியது இணைப்பு மட்டுமா, தொடர் சேவையுமா என்பதைப் பொறுத்து வருமானம் உடனேயும் வரலாம், பல ஆண்டுகளுக்குப் பிரிந்தும் வரலாம். பிரித்துக் காட்டினாலும் ஏமாறாதீர்கள். ஆண்டுத் தேய்மானம், அதாவது விலையை ஆயுளால் வகுத்து ஆண்டுதோறும் எழுதும் செலவு, குழாய்க்கு 60,000, பம்புக்கு 40,000. அதே ஒரு லட்சம் வருமானமாகவும் வந்தால் இரண்டும் கழிந்து சுழியாகிவிடும். கட்டணத்தில் எதுவும் சேர்க்கத் தேவையில்லை என்று தோன்றும். 15-ஆம் ஆண்டு பம்ப் படுத்துவிடும். புதியதை அன்றைய விலைக்கு, ரொக்கம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

செலவு அதுவரை காத்திருப்பதுமில்லை. ஏற்றுக்கொண்ட நாளிலேயே பம்புக்கு மின்கட்டணம், கசிவுத் தேடல் எல்லாம் தொடங்கிவிடும். வீடுகள் விற்காமல் கிடந்தால் பெரிய குழாயில் நீர் தேங்கும். தரம் கெடாமலிருக்க அதைத் திறந்து வெளியேற்றியாக வேண்டும். அந்தத் தண்ணீருக்கு யாரும் பில் கட்டுவதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தச் சொத்தின் மேல் முதலீட்டு ஆதாயம் சேர்த்துக் கட்டணம் கேட்டால் எதிர்ப்பது நியாயம். அந்தச் செலவை வீட்டு விலையில் நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். அமெரிக்காவில் கட்டணம் நிர்ணயிக்கும் ஆணையங்கள் இத்தகைய சொத்தை ஆதாயக் கணக்கிலிருந்து கழிப்பதும் அதனால்தான். பராமரிப்புச் செலவு வேறு, அதை மறுக்க முடியாது.

ஆண்டறிக்கை படிக்கிறவர்கள் முதலில் ரொக்க ஓட்ட அறிக்கையைத் திறங்கள். கடன் திருப்பும் திறனைக் கணக்கிடும்போது மேம்பாட்டாளர் தந்த சொத்தின் மதிப்பை வருமானத்திலிருந்து நீக்கிவிடுங்கள். குழாயைக் கொடுத்து வட்டி கட்ட முடியாது. நிறுவனக் கணக்காளர்களே, "நீர்ப் பணிகள், 36 லட்சம்" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். குழாயின் பொருள், விட்டம், நீளம், வால்வுகளின் எண்ணிக்கை, பம்பின் திறன், பொருத்திய தேதி எல்லாம் தனித்தனியாக வேண்டும். இல்லாவிட்டால் 15 ஆண்டுப் பம்புக்கும் 50 ஆண்டுத் தேய்மானம் ஓடும்.

அடுக்குமாடிக்காரர்களுக்கு: கட்டடம் முழுவதற்குமான மொத்த மீட்டருக்கு உள்ளே இருக்கும் குழாயும் பம்பும் கூரைத் தொட்டியும் பெரும்பாலும் உங்கள் பொதுச் சொத்து. தண்ணீர் நிறுவனம் மாற்றித் தராது. பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காடு என்று, பெரிய பழுதுகளுக்கான சேமநிதிக்கு நீங்கள் கூடுதலாகக் கட்டுவது இதற்கும் சேர்த்துத்தான். தயவுசெய்து அதில் பம்புக்கான பங்கைத் தனியே குறித்து வையுங்கள். முழுவதையும் வண்ணப்பூச்சிலேயே கரைத்துவிடாதீர்கள்.