ஆட்டிசம், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியில் என்ன உரிமை? மதுரைப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

"உங்க பையனை எங்களால பாத்துக்க முடியாதும்மா, வேற ஸ்கூல் பாருங்க." ஆட்டிசம் உள்ள பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் பலரும் கேட்டிருக்கும் வாக்கியம் இது. இதையே பள்ளியின் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் தரமாட்டார்கள். எழுதிக் கொடுத்தால் சட்டத்தை மீறியதற்கு அதுவே சாட்சியாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு, எதையும் எழுத்தில் எப்படிக் கேட்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகள் எல்லாம் அடக்கம். கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் ஏ.டி.ஹெச்.டி. மட்டும் அந்தப் பட்டியலில் தனிப்பெயராக இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் சிலருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். அதையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவுதான் நமக்கு முக்கியம். அரசு நிதி பெறும் பள்ளி, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி இரண்டையும் அது குறிப்பிடுகிறது. பாகுபாடு இல்லாமல் சேர்ப்பது, அந்தப் பிள்ளைக்கு ஏற்ற வசதி செய்து தருவது, கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்து அதற்கேற்பப் பாடம் நடத்துவது எல்லாம் அதில் வருகின்றன. அந்தப் பிரிவில் குறைபாடு 40 சதவீதம் இருக்க வேண்டும் என்ற பேச்சே கிடையாது. 31ஆம் பிரிவில்தான் அது வருகிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு என்கிறது அந்தப் பிரிவு. ஆகவே "கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வந்தப்புறம் வாங்க" என்று சொல்லும் பள்ளியிடம் 16ஆம் பிரிவைக் காட்டுங்கள். மருத்துவர் தந்த அறிக்கையை வைத்தே வசதி கேட்கலாம்.

கூடவே 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். சேர்க்கைக்கு முன் பிள்ளைக்குத் தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது. வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை பள்ளியை விட்டு நீக்க முடியாது. அடிப்பதற்கும் மனம் நோகச் செய்வதற்கும் 17ஆம் பிரிவு தடை போடுகிறது. ஏ.டி.ஹெச்.டி. பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் பெரிய பாதுகாப்பு, ஏனென்றால் இதற்கு எந்தச் சான்றும் தேவையில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே 2016 சட்டத்தை வைத்துத்தான் பேச வேண்டும்.

சரி, சான்றிதழுக்கு வருவோம். யூ.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்தில் உள்ள இ-சேவை மையத்தில் உதவி கேட்கலாம். பிள்ளையைப் பரிசோதித்துச் சதவீதம் போடும் இடம், மதுரை மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரும்பாலும் கோரிப்பாளையம் அரசு இராசாசி மருத்துவமனைதான். எந்தக் கிழமை எந்த மருத்துவர் பார்க்கிறார் என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். பேரையூரிலிருந்தும் கொட்டாம்பட்டியிலிருந்தும் கூட்டத்துக்குப் பழகாத பிள்ளையைப் பஸ்ஸில் கூட்டிவந்து, "அடுத்த வாரம் வாங்க" என்று கேட்டுத் திரும்புவது கொடுமை.

ஆட்டிசத்தை அளக்க ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பிள்ளையைப் பார்த்தும், பெற்றோரிடம் கேட்டும்தான் போடுவார்கள். இந்த இடத்தில்தான் நம்மில் பலர் தடுக்கி விழுகிறோம். "தம்பி தானா சாப்பிடுவானாம்மா?" என்று டாக்டர் கேட்பார். "சாப்பிடுவான் சார்" என்று அம்மா சொல்லிவிடுவார். அதே தட்டு, அதே தயிர்சாதம், பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்க வேண்டும், கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு வாய்கூட இறங்காது என்பதெல்லாம் சொல்லாமலே போய்விடும். நாலு பேர் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற பாசம்தான் காரணம். ஆனாலும் அங்கே போடும் மதிப்பெண்தான் சதவீதமாக மாறும். எதற்கு அழுகிறான், எத்தனை மணிக்குத் தூங்குகிறான், குழாய் ஸ்பீக்கர் கட்டிய காதணி விழாவில் என்ன செய்தான் என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து வைத்து, அதை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். பள்ளியில் பேசவும் அந்த நோட்டு உதவும்.

"பிள்ளைக்கு முத்திரை குத்துறியா? அவங்க அப்பனே நாலு வயசுலதான் பேசுனான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களோடு சண்டை வேண்டாம். ஒருமுறை மருத்துவமனைக்கு உடன் கூட்டிப்போங்கள், டாக்டர் வாயால் கேட்கட்டும். கார்டை யாரிடம் காட்டுவது, யாரிடம் காட்டாமல் இருப்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. பேச்சு வரவில்லை என்ற சந்தேகம் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னால், மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதித் தருவார்கள்.

இப்போது பள்ளிக்கு எழுதும் கடிதம். "என் பிள்ளையை அன்பாகக் கவனியுங்கள்" என்று எழுதினால் "கவனிக்கிறோம்" என்பார்கள், அதோடு முடிந்தது. செய்யக்கூடிய இரண்டு மூன்று காரியங்களைக் குறிப்பாகக் கேளுங்கள். உதாரணமாக இப்படி:

"ஐயா, என் மகள் நான்காம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கிறாள். அவளுக்கு ஆட்டிசம் இருப்பதற்கான மருத்துவ அறிக்கையின் நகலை இணைத்துள்ளேன். காலை வழிபாட்டின்போது ஒலிபெருக்கிச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். அவளை ஒலிபெருக்கிக்குத் தள்ளி, வரிசையின் கடைசியில் நிற்கவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுப்பாடத்தைப் பலகையைப் பார்த்து எழுத அவளுக்கு நேரம் போதவில்லை. அதை டைரியில் எழுதித் தரவோ, போன் வழியே அனுப்பவோ வேண்டுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16இன்படி இந்த வசதிகளைக் கோருகிறேன். தங்கள் பதிலை எழுத்து மூலம் தெரிவிக்கவும்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். "கூடவே ஒரு ஆளை நீங்களே சம்பளம் கொடுத்து வைக்கணும், இல்லைன்னா சேர்க்கமாட்டோம்" என்று சொன்னால், அந்த நிபந்தனையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த இரண்டு சட்டத்திலும் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது.

அரசுப் பள்ளியாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ஒன்றியம்தோறும் வட்டார வள மையம் இருக்கிறது. பி.ஆர்.சி. என்று கேட்டால் டீச்சர்களே சொல்வார்கள். அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் பெயர் அவர்கள் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உசிலம்பட்டி, செல்லம்பட்டி பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் அங்கே போய்க் கேளுங்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடும் இதன் கீழ்தான் வருகிறது.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். தேர்வுக் கூடத்தில் வந்து கேட்டால் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே ஹெச்.எம்.மிடம் பேச்சை ஆரம்பித்துவிடுங்கள். மொழி விலக்கை மட்டும், கிடைக்கிறதே என்பதற்காக வாங்காமல் பிள்ளையையும் கேட்டு முடிவெடுங்கள்.

பண உதவி. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை, ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் வருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபிச் செலவும் அதில் சேரும் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் உடன்வரும் ஒருவருக்கும் டிக்கெட் கட்டணம் இல்லை.

கடிதத்துக்குப் பதிலே இல்லை, அல்லது மறுப்புதான் வந்தது என்றால், அதன் நகலோடு திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் புகார் பதியலாம். அதற்கும் மேலே, சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குத் தபாலிலேயே எழுதலாம். விசாரணைக்கு ஆளை வரவழைக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இருக்கிறது. சட்டத்தை மீறியது நிரூபணமானால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் என்கிறது 89ஆம் பிரிவு. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள். போகும்போது மருத்துவ அறிக்கை, முத்திரை வாங்கிய கடிதம், மனு எண் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.