செவ்வாயில் ஓடும் பாதை

களுவாஞ்சிகுடியில் உயர்தர இரசாயனவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "செவ்வாயின் வளியில் 95 சதவீதம் காபனீரொட்சைட்டு. அதைப் புறவூதாக் கதிர் உடைக்கும். தடுக்கப் போதிய ஓசோனும் அங்கே இல்லை. பிறகு எப்படி அது இன்னும் மிச்சமிருக்கிறது?"

நியாயமான கேள்வி. ஏறத்தாழ 200 நானோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள கதிர் பட்டால் காபனீரொட்சைட்டு, காபனோரொட்சைட்டாகவும் தனி ஒட்சிசன் அணுவாகவும் பிரிகிறது. பிரிந்தவை எளிதில் மீண்டும் சேர்வதில்லை. ஒட்சிசன் அணுவில் சோடி சேராத இரண்டு இலத்திரன்கள் ஒரே பக்கமாகச் சுழல்கின்றன. காபனீரொட்சைட்டிலோ எல்லாமே எதிரெதிராகச் சுழலும் சோடியாக இருக்க வேண்டும். கணக்குப்படி சில ஆயிரம் ஆண்டுகளில் அந்த வளிமண்டலமே உருமாறியிருக்க வேண்டும். ஆனால் அங்கே காபனோரொட்சைட்டு 0.1 சதவீதம்கூட இல்லை.

விடை 1972இல் கிடைத்தது: நீராவி. எவ்வளவு நீராவி? முழுவதையும் தரையில் படியவிட்டால் தலைமயிரின் தடிப்புக்கும் வராது.

அது எப்படிப் போதும்? மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள குருமண்வெளித் துறையில் நின்று பாருங்கள். அக்கரையிலுள்ள மண்டூருக்கு ஆட்களை ஏற்றிப் போகும் மிதவைப் படகுக்கு இங்கே பெயர் 'பாதை'. அது இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறது. ஊருக்கு ஒரு பாதை போதும், அது தேய்வதில்லை. புறவூதாக் கதிர் நீரை உடைத்தால் வரும் ஐதரொட்சில் (ஓர் ஒட்சிசனும் ஓர் ஐதரசனும் சேர்ந்த OH), ஒட்சிசனை ஏற்றிய பாதை. காபனோரொட்சைட்டு என்ற துறையில் ஒட்சிசனை இறக்குகிறது, காபனீரொட்சைட்டு பிறக்கிறது. மிஞ்சிய ஐதரசன் வெறும் பாதை. அது ஓர் ஒட்சிசன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிறது. அலைந்து திரியும் தனி ஒட்சிசன் அணு ஒன்று வந்து மோத, மூலக்கூறு கழன்றுபோய் ஐதரொட்சில் மீண்டும் உருவாகிறது. அடுத்த பயணம்! தான் தேயாமல் தாக்கத்தை நடத்திவைக்கும் 'ஊக்கி' என்ற சொல்லுக்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியாது. வெள்ளிக் கோளில் இந்த வேலையைப் பெரும்பாலும் குளோரீன் பார்க்கிறது.

(இத்தனை நுட்பமான கோளை நம்மவர்கள் கல்யாணத்தை நிறுத்த மட்டும் பயன்படுத்துகிறார்கள். செவ்வாய் தோஷம் பார்ப்பவர் யாராவது அங்குள்ள ஐதரொட்சிலைப் பற்றிக் கேட்டதுண்டா?)

இது வெறும் தாள்க்கணக்கு அல்ல. செவ்வாயின் துருவத்தில் குளிர்காலம் வந்தால் நீராவி உறைந்துவிடும், பாதை ஓடாது. அப்போது அங்கே ஓசோன் சேர வேண்டும், ஏனெனில் நீரிலிருந்து பிறக்கும் ஐதரொட்சில் போன்ற ஐதரசன் மூலிகங்கள்தான் (சோடி சேராத இலத்திரன் கொண்ட துணிக்கைகள்) அதையும் அழிப்பவை. விண்கலங்கள் அளந்து பார்த்தன. குளிர்காலத் துருவத்தில்தான் ஓசோன் குவிந்து கிடக்கிறது.