“சும்மா விசாரணைக்குத்தான்”

“சார், தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. சும்மா விசாரணைக்குத்தான்னு சொன்னாங்க.” இரவு ஒன்றரை மணிக்கு வக்கீலுக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். அன்றைக்கு மாட்டியவன், ஹோட்டலில் வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டில் பையோடு நின்ற பையன். ரோந்து போலீஸ் கேட்டதும் பதற்றத்தில் ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டான்.

அகால நேரத்தில் நிற்பவரை யார், எங்கே போகிறாய் என்று போலீஸ் கேட்பதில் தவறில்லை. பெயரையும் முகவரியையும் சொல்லிவிடுங்கள். நடுரோட்டில் சட்டம் பேசி வீரம் காட்ட வேண்டாம் என்பதே என் கட்சி. ஜீப்பில் ஏறச் சொல்லும்போதுதான் சிக்கல்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் இருப்பது பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற புதிய சட்டம். அதில் ‘சும்மா விசாரணை’ என்று ஒரு பிரிவும் கிடையாது. சாட்சியாக அழைத்தால் 179ஆம் பிரிவின்படி எழுத்தில் உத்தரவு வேண்டும். குற்றச் சந்தேகம் இருந்தும் கைது தேவையில்லை என்றால் 35(3)இன்படி நோட்டீஸ். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதும் செய்யாமல், போகவும் விடாமல் விடிய விடிய பெஞ்சில் உட்கார வைக்க இதில் எதுவும் இடம் தரவில்லை. சந்தேகமும் நியாயமானதாக இருக்க வேண்டும். ‘ஆள் பார்க்க ஒரு மாதிரி இருந்தான்’ என்பது அதற்குப் போதாது.

ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதியை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னதையே 1978இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். 15 வயதுக்குக் குறைந்த, 60ஐத் தாண்டிய ஆண்களுக்கும் இதே சலுகை உண்டு. தன்னையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்பதையும் அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது.

அப்புறம் கையெழுத்து. விசாரணையில் போலீசிடம் சொல்வதை எழுதிக்கொண்டாலும், சொன்னவரிடம் அதில் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது பி.என்.எஸ்.எஸ். 181ஆம் பிரிவு. வெள்ளைத்தாள் நீட்டினால் சொல்லவே வேண்டாம்.

ஸ்டேஷனுக்குப் போன் செய்து ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: “எந்தப் பிரிவு சார்?” கொஞ்ச நேரம் பதிலே இல்லை. “சரி, வந்து கூட்டிட்டுப் போங்க.” பை மட்டும் மறுநாள்தான் கைக்கு வந்தது. உள்ளே ஹோட்டல் யூனிஃபார்மும் ஒரு டிபன் பாக்ஸும்.